வசனத்துக்கு முன்னும் பின்னும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இளைஞர் கூட்டத்தில் முதல்முறையாக 20 நிமிடம் செய்தி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எரேமியா 29:11 எனக்குப் பிடித்த வசனம். அதையே எடுக்கலாமா? எப்படித் தயாரிப்பது?

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால் முதல் இரண்டு நாள் அந்த வசனத்தைத் தொடாதீர்கள். எரேமியா 27, 28, 29 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாய்விட்டு வாசியுங்கள். மறுநாள் இன்னொரு முறை.

வாசித்தால் தெரியும், 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு சிறைபிடிக்கப்பட்டு பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி வருகிறான். ‘இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள்’ என்று தேவாலயத்திலே எல்லார் முன்பாகவும் சொல்லி, பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். ஜனங்களுக்கு யாருடைய பிரசங்கம் பிடித்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார் (29:10). வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைவைத்த பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறார் (29:5–7). அதற்கு அப்புறம்தான் ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற 11-ஆம் வசனம் வருகிறது. அன்றைக்கு முப்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்டவன் ஊர் திரும்பப்போவதில்லை. அவன் பேரப்பிள்ளை திரும்புவான். 11-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்து ‘இந்த மாதமே உனக்கு ஒரு முடிவு உண்டு’ என்று பிரசங்கித்தால், எரேமியாவின் வார்த்தையை அனனியாவின் குரலில் சொல்கிறோம் என்று அர்த்தம்.

இது பிடிபட்ட பிறகு, செய்தி முழுவதையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணமாக: ‘காத்திருப்பு நீண்டாலும் தேவன் தம் ஜனத்தை மறப்பதில்லை, ஆகவே இருக்கிற இடத்தில் வேர்விட்டு வாழுங்கள்.’ இந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும், அது எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும், வெட்டுங்கள். முதல் பிரசங்கத்தில் இதுதான் கஷ்டம். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கம் 2 நிமிடம், பின்னணி 5, வசனப்பகுதி 8, வாழ்க்கைக்கு 4, ஜெபம் 1. துணை வசனங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு வசனத்தைச் சொல்லி, எல்லாரும் தேடி எடுத்து, வாசித்து முடிக்க அரை நிமிடம் ஆகும். பன்னிரண்டு வசனம் என்றால் ஆறு நிமிடம் தாள் புரட்டுகிற சத்தத்திலேயே போய்விடும். வாழ்க்கைக்கு வரும்போது 7-ஆம் வசனத்தைப் பிடியுங்கள். பிடிக்காத வேலையில், பிடிக்காத விடுதி அறையில் இருக்கிற இளைஞன் அந்த இடத்துக்காக, அங்கே இருக்கிற ஒரு மனிதனின் பெயரைச் சொல்லி இந்த வாரம் ஜெபிக்கலாம். ‘விசுவாசத்தில் வளருங்கள்’ என்பதைவிட இது கையில் பிடித்துக்கொண்டு போகக்கூடியது.

குறிப்பைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில் எழுதி, பக்க எண் போடுங்கள். போனை நம்ப வேண்டாம்; நடுவில் திரை அணையும், அழைப்பு வரும். எழுந்து நின்று, சத்தமாக, கடிகாரம் வைத்து இரண்டு முறை சொல்லிப்பாருங்கள். ஒத்திகையில் 17 நிமிடம் வந்தால் மேடையில் 20 ஆகும். ‘எனக்குப் பேசத் தெரியாது, தப்பிருந்தால் மன்னிக்கவும்’ என்று தொடங்காதீர்கள். ‘கடைசியாக’ என்ற வார்த்தையை ஒரே ஒரு முறைதான் சொல்ல வேண்டும். பவுல் நடுராத்திரிவரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் (அப்போஸ்தலர் 20:9). பவுல் இறங்கிப்போய் அவனை எழுப்பிவிட்டார். நமக்கு 20 நிமிடமே பத்திரம்.

கேள்வி: கழுகு நாற்பது வயதில் மலைமேல் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்தபின் இன்னும் முப்பது வருஷம் வாழும் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். என் மகள் ‘அது பொய்’ என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. கழுகின் அலகு எலும்பின்மேல் நகம் போன்ற உறை மூடியது. அந்த உறை ஓயாமல் வளரும். இரை கிழிப்பதிலும் கல்லில் உரசுவதிலும் தேயும். அலகையே உடைத்துக்கொண்ட பறவை இரத்தம் சிந்தும், இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினியில் சாகும். கதையில் சொல்கிறபடி 150 நாள் காத்திருக்க அதற்கு உடம்பில் இருப்பு கிடையாது. எழுபது வயதுவரை வாழும் காட்டுக் கழுகும் இல்லை.

உண்மையில் நடப்பது இறகு உதிர்தல். பழைய இறகுகள் ஒவ்வொன்றாக விழுந்து, பறப்பது நின்றுபோகாதபடி, புதியவை முளைக்கின்றன. ‘கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது’ என்ற சங்கீதம் 103:5-க்கு இதுவே போதுமான விளக்கம். ஏசாயா 40:31-க்கோ கதையே தேவையில்லை. அந்த வசனத்தின் வரிசையைப் பாருங்கள்: கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் முதலில் கழுகுகளைப்போலப் பறக்கிறார்கள், பிறகு ஓடுகிறார்கள், கடைசியில் நடக்கிறார்கள். நாமாக இருந்தால் நடையில் தொடங்கிப் பறப்பதில் முடித்திருப்போம். தீர்க்கதரிசி நடையில் முடிக்கிறார்: ‘நடந்தாலும் சோர்வடையார்கள்.’ திங்கட்கிழமை காலையில் விசுவாசிக்கு வேண்டியது அதுதான். உடைந்த அலகு இந்த வரியை மறைத்துவிடுகிறது.

இதே வகையில் இன்னும் இரண்டு உண்டு. ‘பயப்படாதே என்று வேதத்தில் 365 முறை இருக்கிறது, நாளுக்கு ஒன்று’ என்பார்கள். சொல்லடைவை (வேதாகமத்தில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியலை) எடுத்து எண்ணிப்பாருங்கள், அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வராது. அதிலும் எல்லாமே தேவன் சொன்னவை அல்ல. தப்பியோடிவந்த சேனாபதி சிசெராவைப் பார்த்து யாகேல் என்ற பெண்ணும் ‘பயப்படாதேயும்’ என்றுதான் சொன்னாள் (நியாயாதிபதிகள் 4:18). அவன் நம்பி உள்ளே போய்த் தூங்கினான். கூடார ஆணி நெற்றிப்பொறியில் இறங்கியது. அதை எந்த நாளின் வாக்குத்தத்தமாக வைப்பது?

இன்னொன்று, எருசலேமில் ‘ஊசியின் காது’ என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டால் நுழையலாம் என்பது. இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற மாற்கு 10:25-ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசித்தால் கதை தானே விழுந்துவிடும். சீஷர்கள் ஆச்சரியப்பட்டு, ‘அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படக்கூடும்’ என்கிறார்கள். மண்டியிட்டு நுழையக்கூடிய வாசலைப் பற்றி யாரும் அப்படித் திகைக்க மாட்டார்கள். ‘மனுஷரால் இது கூடாததுதான்’ என்று இயேசுவும் பதில் சொல்கிறார். வாசல் கதை அவர் மூடியதைத் திறந்துவிடுகிறது.

மேடையில் கதை சொல்கிறவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. கேட்டதை நம்பிச் சொல்கிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. கழுகு பொய் என்று அது கண்டுபிடித்த அன்றைக்கு, கல்லறை காலியானதைப் பற்றியும் அதே குரல்தானே சொன்னது என்று யோசிக்கும்.

கேள்வி: ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்’ என்று 1 பேதுரு 5:7-இல் வருகிறது. தேவன் நம்மை விசாரணை செய்வாரா? என் பேரன் கேட்டான், பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: பேரன் கேட்டதில் தப்பில்லை. இன்றைய காதுக்கு ‘விசாரி’ என்றால் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். பவர் ஐயர் தலைமையில் 19-ஆம் நூற்றாண்டில் திருத்தப்பட்ட தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல்லுக்குக் ‘கவனித்துக்கொள்ளுதல், அக்கறை எடுத்தல்’ என்ற பொருளும் உண்டு. வீட்டில் ‘உடம்பு சரியில்லை என்றார்களே, போய் விசாரித்துவிட்டு வா’ என்கிறோமே, அந்த விசாரிப்பு. பேரனிடம், ‘உன்னைப் பற்றி அவருக்கு அக்கறை இருக்கிறது, அதனால் உன் கவலையை அவர்மேல் போட்டுவிடு’ என்று சொல்லுங்கள்.

பிள்ளைகளோடு வாசிக்கும்போது பழைய மொழிபெயர்ப்பையும் 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சொல் மாறுகிற இடத்தில் நின்று பேசுங்கள். மனப்பாடத்துக்கு எந்த மொழிபெயர்ப்பு என்பதை மட்டும் ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் ஒன்றும் நிற்காது.

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் என் தம்பிக்காக ஜெபித்தவர், ‘சுகமாகிவிட்டாய், இனி மாத்திரை தேவையில்லை’ என்றார். அவன் வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுக்கிறவன். நிறுத்துவது அவிசுவாசம் இல்லையென்று காட்டும் என்கிறார்கள்.

பதில்: நிறுத்தக் கூடாது. நிறுத்தியிருந்தால் இன்றைக்கே தம்பியின் மருத்துவரிடம் பேசுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால், முன்பைவிடக் கடுமையாக, நிற்காத வலிப்பாகவே வரலாம். அது உயிருக்கு ஆபத்து. இன்சுலினை நம்பியிருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி அதை விட்டால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் கூடி மயக்கத்துக்குப் போவார். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காமல் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரையும் படிப்படியாகத்தான் குறைக்கப்பட வேண்டும். ‘நன்றாக இருக்கிறேனே’ என்ற உணர்வு சுகத்துக்கு அத்தாட்சி அல்ல. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம்.

வேதம் என்ன சொல்கிறது? பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு, ‘நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்’ என்றார் (லூக்கா 17:14). லேவியராகமம் 14-இன்படி ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து, ரோகம் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதன்பின்னும் சுகமானவன் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும். சுகத்தைக் கொடுத்தவரே சோதனைக்கு அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள். தம்பிக்குச் சுகம் கிடைத்திருந்தால் பரிசோதனைக்கு அது பயப்படாது. மருந்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். சாட்சியை அதன்பிறகு மேடையில் சொல்லலாம்.

ஜெபிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுகமாகாதவனின் விசுவாசத்தைக் குறைசொல்லாதீர்கள். பவுலே, ‘துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்’ என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவர் சொன்னது கைவைத்தியம் (1 தீமோத்தேயு 5:23).

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். உபவாசம் இருக்கலாமா?

பதில்: நீங்கள் இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவரானால், மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூட விடாதீர்கள். மருந்து உள்ளே வேலை செய்யும், சாப்பாடு இருக்காது, இரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தாலோ, சோதனையில் 70-க்குக் கீழே காட்டினாலோ உடனே உபவாசத்தை முறித்து, 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும். மயங்கினவரை ‘ஆவியில் நிறைந்தார்’ என்று விட்டுவிட்டால் விபரீதம்.

தானியேல் மூன்று வாரம் உணவில் ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் மட்டும்தான் விலக்கினான் (தானியேல் 10:3). அந்த வழியில் நீங்களும் வேளை தவறாமல் எளிமையாகச் சாப்பிட்டு, போனையும் தொலைக்காட்சியையும் விடலாம். பலருக்கு அது பட்டினியைவிடக் கடினம்.

கேள்வி: என் கணவர் விசுவாசத்தில் இல்லை. வீட்டுச் செலவுக்கு அவர் தருகிற பணத்தில், அவருக்குத் தெரியாமல் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுத்துவருகிறேன். கொடுக்காவிட்டால் சாபம் என்று மல்கியா 3:9-ஐக் காட்டுகிறார்கள்.

பதில்: நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வோம். வீட்டுச் செலவுக்கென்று நம்பிக் கொடுத்த பணம் அது. ‘வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது’ என்பது ஊர் மெச்சக் கொடுப்பதைத் தடுக்கச் சொன்னது. கணவரிடம் மறைக்க அனுமதி அல்ல. ஒரு நாள் கணக்குப் பார்த்து அவருக்குத் தெரியவந்தால், சபையைத் திருட்டுக்கு உடந்தை என்றுதான் நினைப்பார். அப்புறம் அவரைச் சபைக்குள் அழைப்பது எப்படி? எண்ணாகமம் 30-இல் மனைவி செய்த பொருத்தனையை (நேர்ந்துகொண்டதை) கணவன் கேட்ட நாளில் வேண்டாம் என்றால், ‘கர்த்தர் அதை அவளுக்கு மன்னிப்பார்’ என்று இருக்கிறது. அன்றைய குடும்ப அமைப்பு வேறு. ஆனாலும் அந்தப் பெண்ணின்மேல் குற்றம் சுமத்தவில்லை என்பதைப் பாருங்கள்.

மல்கியா அடுத்த வசனத்தில் தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் பண்டசாலை, தேவாலயத்தில் தானியமும் எண்ணெயும் சேர்த்துவைத்த அறை. அது வெறுமையானதால் லேவியர் ஆராதனையை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போன நிலைமை நெகேமியா 13:10-இல் இருக்கிறது. மூன்றாம் வருஷத் தசமபாகமோ லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போனது (உபாகமம் 14:28–29). சாபத்தைக் காட்டி வாங்குகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வது அபூர்வம்.

செய்யக்கூடியது இதுதான். கணவரிடம் வெளிப்படையாக, ‘எனக்கென்று மாதம் இவ்வளவு வேண்டும், அதில் காணிக்கையும் கொடுப்பேன்’ என்று கேளுங்கள். அவர் தருவது சிறிய தொகையானால் அதிலிருந்தே கொடுங்கள். உங்களுக்குச் சொந்தச் சம்பாத்தியம் இருந்தால் அதிலிருந்து. ‘இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்’ (2 கொரிந்தியர் 8:12). சபையில் இரசீது கேட்டு வாங்கி, கணவர் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

சபைக் கணக்கு வைப்பவர்களுக்கும் அதே அதிகாரத்தில் பாடம் இருக்கிறது. தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவரையும் கூட அனுப்பினார் (8:19–21). உறவில்லாத இரண்டு பேர், அறையை விட்டு வெளியே போகும் முன் எண்ணி, எண்ணிலும் எழுத்திலும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்ட வேண்டும். ‘நம்மவர்தானே’ என்று ஒருவரிடம் பையைக் கொடுத்தனுப்புவது அந்த ஒருவருக்கே செய்கிற அநியாயம். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் அரை நிமிடத்தில் பிரசங்கம் எழுதிக் கொடுக்கிறது. போதகர் பயன்படுத்தலாமா?

பதில்: சொல்லடைவைப் போல, அகராதியைப் போலப் பயன்படுத்தலாம். ‘இந்தப் பகுதியைப் பற்றிக் கேட்கக்கூடிய பத்துக் கேள்விகள் என்ன’ என்று கேட்டால் உதவும். ஆனால் அது வசன எண்ணை மாற்றிச் சொல்லும். ஒரு சபைப்பிதா சொல்லாததை அவர் சொன்னதாக மேற்கோள் தரும். எல்லாவற்றையும் தடுமாறாத குரலில் தரும். ஒவ்வொரு வசனத்தையும் வேதாகமத்தைத் திறந்துவைத்துச் சரிபாருங்கள். ‘கிரேக்க மூலத்தில் இதற்கு…’ என்று தொடங்கும் வரியை இரண்டு முறை பாருங்கள். இந்தத் தவறு இயந்திரத்துக்கு முன்பே நம்மிடம் உண்டு. ரோமர் 1:16-இல் ‘பெலன்’ என்பதற்கு டூனமிஸ், ஆகவே சுவிசேஷம் டைனமைட் என்று எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! நோபல் டைனமைட்டைக் கண்டுபிடித்தது 1867-இல். பவுல் எழுதியது முதல் நூற்றாண்டில். பாறையை உடைக்கிற வெடி அவர் மனதில் இருந்திருக்க வழியில்லை. அதே வசனம் ‘இரட்சிப்பு உண்டாவதற்கு’ என்று சொல்கிறதே தவிர, தகர்ப்பதற்கு என்று சொல்லவில்லை.

அந்த வாரம் உங்கள் சபையில் யார் வீட்டில் சாவு, யாருக்கு வேலை போயிற்று என்பதும் இயந்திரத்துக்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரியின் கருச்சிதைவைப் பற்றி ‘ஜெபக்குறிப்பு’ என்று போட்டுவிட்டார்கள். அவர் மனமுடைந்து சபைக்கே வருவதில்லை.

பதில்: போட்டவர் முதலில் குழுவிலிருந்து அதை எல்லாருக்குமாக நீக்கிவிட்டு, நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ‘நல்ல எண்ணத்தில்தான் போட்டேன்’ என்று ஆரம்பிக்கக் கூடாது. இனிமேல், சம்பந்தப்பட்டவர் ‘போடலாம்’ என்று சொல்லாத எதையும் போட வேண்டாம். நோயின் பெயர், மருத்துவமனை, பரிசோதனை முடிவு, புகைப்படம் வேண்டவே வேண்டாம். ‘ஒரு குடும்பத்தின் துக்கத்துக்காக ஜெபியுங்கள்’ என்றால் போதும். யாரென்று தேவனுக்குத் தெரியும். அந்தச் சகோதரி வீட்டுக்கு இரண்டு பெண்கள் மட்டும் போகட்டும். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

கேள்வி: ‘இந்த வசனத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் அற்புதம்’ என்று வருகிறதே?

பதில்: அழித்துவிடுங்கள். அனுப்பியவருக்கு மட்டும் ஒரு போன் போட்டு, என்ன அற்புதம் தேவைப்படுகிறது என்று கேளுங்கள்.